மொராக்கோ குழாயடி

கொட்டச்சேடு என்னும் மலையூருக்கு மேலே புதிதாக வந்த ரிசார்ட்டில் புஷ்பலதா அறை கூட்டும் வேலை பார்த்தாள். முதலாளி ராஜேந்திரன் மொராக்கோ போய்வந்த கையோடு, அங்கே ஃபெஸ் என்னும் பழைய நகரத்துத் தெருவொன்றில் பார்த்த பொதுக்குழாயை அச்சு அசலாகத் தன் முற்றத்தில் கட்டிவிட்டார். நீலமும் பச்சையுமாய் நட்சத்திர ஓடுகள், மேலே செதுக்கிய மரக்கூரை, நடுவில் பித்தளைக் குழாய்.

திறப்பு விழாவில் மைக்கைப் பிடித்தார். "தாகம்னு வந்தவங்களை அந்தக் குழாய் திருப்பி அனுப்புனதே இல்லைங்க. நம்ம குழாயும் அப்படித்தான்!" சொல்லிவிட்டு அவரே முதலில் கைதட்டினார். புஷ்பலதா ஒரு சொல் விடாமல் காதில் வாங்கிக்கொண்டாள். அவள் குடியிருந்த எஸ்டேட் லைன் வீடுகளில் தண்ணீர் வந்து ஒன்பது நாளாகியிருந்தது.

மறுநாள் காலை ஏழு பெண்களையும் பதினாலு பிளாஸ்டிக் குடங்களையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

மேனேஜர் தினேஷ் பதறி ஓடிவந்தான். "ஏனுங்கக்கா, இது அழகுக்கு வெச்சதுங்க!"

"திருப்பி அனுப்பாதுன்னு மொதலாளிதானுங்க சொன்னாரு. எங்களுக்கு நொம்பத் தாகமுங்க."

சத்தம் கேட்டு ராஜேந்திரன் கண் சிவக்க வெளியே வந்தார். அதற்குள் மாடியில் நின்ற விருந்தினர்கள் செல்போனைத் தூக்கிவிட்டார்கள். "அடடா, ஆளுகளையும் சேர்த்தே வெச்சிருக்காங்க! அப்படியே மொராக்கோ!" என்று ஓர் அம்மாள் உருகினாள்.

முதலாளியின் முகம் மலர்ந்தது. "தெனமும் வாங்கம்மா. சாயங்காலம் நாலு மணின்னா வெளிச்சம் நல்லா இருக்கும். பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம்."

அடுத்த வாரமே பித்தளைக் குடங்கள் வந்தன. சேலத்துத் தையல்காரரிடமிருந்து மொராக்கோப் பாணியில் தலைமூடி வைத்த நீள அங்கிகளும் வந்தன.

"இதப் போட்டுக்கிட்டு எப்படி மேடேறறது?" என்று லைன் வீட்டு வெள்ளையம்மாள் முரண்டு பிடித்தாள்.

புஷ்பலதா முதலாளியிடமே போனாள். "அங்கி போட்டா ஆளுக்கு ரெண்டு கொடம் தண்ணி கூடப் புடிக்க விடோணுங்க." அவர் ஒப்புக்கொண்டார். வெள்ளையம்மாளும் அங்கிக்குள் புகுந்தாள்.

அன்று மாலை சென்னைக்காரர் ஒருவர் படமெடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். "தமிழ் தெரியுமா? எந்த ஊரும்மா?"

தூரத்திலிருந்து முதலாளி வாயைக் குவித்து 'மொராக்கோ' என்று ஜாடை காட்டினார்.

"கொட்டச்சேடுங்க," என்றாள் புஷ்பலதா.

"மொராக்கோவுல அது எந்தப் பக்கம்?"

"பஸ் நிக்கற எடத்துலருந்து கொஞ்சம் மேல ஏறோணுங்க," என்றவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.