சிலைக்கு விழுந்த கைதட்டல்

மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அவன் அசையக் கூடாது. அரண்மனையை ஹோட்டலாக்கியபின், ஈட்டியும் தலைப்பாகையுமாக வாசலில் அந்தக்காலக் காவலனைப் போல் நிற்பதுதான் அவன் வேலை. விருந்தாளிகள் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள், சிரிக்க வைக்கப் பார்ப்பார்கள். அசைந்தால் வேலை போய்விடும். கூட வேலை செய்பவர்கள் அவனைச் ‘சிலை’ என்றே கூப்பிட்டார்கள்.

உள்ளே அறைகளைச் சுத்தம் செய்வது அவன் மனைவி. வயிற்றில் ஐந்து மாதம். தெரிந்தால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள் என்று, தொளதொளவென்ற சீருடைக்குள் மறைத்துக்கொண்டிருந்தாள்.

“முடியலன்னா சித்த நில்லு,” என்று காலையில் சொல்லியிருந்தான்.

“நிக்கிறதுக்கு உங்களுக்குத்தான் சம்பளம். நான் குனிஞ்சாத்தான் காசு.”

சாயங்காலம் வேலைக்காரர்களின் லிஃப்ட் நின்றுபோனது. தோட்டத்து நாற்காலிகளுக்கான திண்டுகளை முகம் மறைய அடுக்கிக்கொண்டு, வேலைக்காரர்கள் மிதிக்கக் கூடாத வாசற்படியில் அவள் இறங்கினாள். அவள் கால் அடுத்த படியைத் துழாவுவதை அவன் ஓரக்கண்ணால் பார்த்தான். கால் வழுக்கியது.

ஈட்டி ஒருபக்கம், தலைப்பாகை ஒருபக்கம். பாய்ந்து அவளைத் தாங்கியவன், எல்லோருக்கும் முன்னால் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தான்.

தோட்டத்திலிருந்த விருந்தாளிகள் எழுந்து கைதட்டினார்கள். நாடகம் என்று நினைத்துவிட்டார்கள்.

மேனேஜர் ஓடிவந்தார். “எத்தனை மாசம்?”

“அஞ்சு சார்,” என்றாள் அவள்.

“அய்யோ, நெசமாவே புருஷன் பொண்டாட்டியா!” விருந்தாளிகளில் ஒரு அம்மாள் தண்ணீரோடு வந்தாள். “அடுத்த வருஷம் புள்ளயப் பாக்க வருவேன். ரெண்டு பேரும் இங்கதானே இருப்பீங்க?”

அவர்கள் மேனேஜரைப் பார்த்தார்கள். அந்த அம்மாளும் பார்த்தாள்.

“இருப்பாங்க மேடம்,” என்றார் அவர், பல்லைக் கடித்துச் சிரித்தபடி.

சத்தம் கேட்டு வந்திருந்த தையலறை அக்கா அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டாள். “எனக்கு ஆள் வேணும்னு கேட்டேனே சார்? இவளை எங்கிட்ட விடுங்க. உக்காந்து செய்யற வேலை.”

மேனேஜர் தலையாட்டினார். “சரி, பின்பக்கமா போகச் சொல்லு.”

தலைப்பாகையை மனைவி எடுத்துத் தூசி தட்டி அவன் தலையில் வைத்தாள். “இனியாச்சும் ஆடாம நில்லுங்க, சிலையாரே.”

அவன் மறுபடி விறைத்து நின்றான். மீசைக்குள் மட்டும் ஒரு சிரிப்பு அடங்காமல் துடித்தது. விருந்தாளிகள் படியேறி உள்ளே போனார்கள். தையலறை அந்த வாசலுக்கு அடுத்த அறைதான். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, அரண்மனையின் நீண்ட மதிலைச் சுற்றிப் பின்வாசலுக்கு நடந்தாள்.