கலப்பத்து அடித்த கதவு

கார் வாங்கிய நாளிலிருந்து ரோச் தன்னைப் பெரிய மனுஷன் என்று நம்பிக்கொண்டிருந்தார். காரின் இடப்பக்கத்துக் கதவு மட்டும் அதை நம்பவில்லை. பல கை மாறி வந்த பழைய மோரிஸ் அது. கதவின் உள்பக்க அட்டையைப் பிடித்து நிறுத்தும் கிளிப்புகளில் பாதி எங்கேயோ உதிர்ந்துபோயிருந்தன. ஒவ்வொரு பள்ளத்திலும் அட்டை படபடவென்று அடித்துக்கொண்டு, வருவது ஓட்டை வண்டி என்று தெருவுக்கே சொல்லிவிடும்.

மற்ற நாளென்றால் பொறுத்துக்கொள்ளலாம். வருகிற ஞாயிறு சிலுவை தண்டல் வருகிறார். தண்டல் என்றால் தோணித் தலைவர்; கொழும்புக்குச் சரக்குத் தோணி ஓட்டுகிறவர். அவர் மகன் வளனுக்கும் ரோச்சின் மகள் மரியசெல்விக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போயிற்று. தண்டல்தான் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார். பழைய துறைமுகத்துக்கே காரோடு வந்து அழைத்துப்போகிறேன் என்று ரோச்தான் வலியப் போய்ச் சொல்லி வைத்தார். கார் வைத்திருப்பவர் வாய் சும்மா இருக்குமா?

கிளிப் கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினார். “இந்த மாடலுக்கு மெட்ராஸுக்குத்தான் எழுதணும் அண்ணாச்சி” என்று கையை விரித்தார்கள்.

ரோச்சின் அப்பா தோணி கட்டும் ஓடாவி. மகன் கப்பல் கம்பெனியில் நாற்காலி தேய்க்கப் போய்விட்டாலும், ஓடாவி ரத்தம் எங்கே போகும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. மரத்தைச் சீவி, கிளிப் இல்லாத துளைகளுக்கெல்லாம் கொண்டை வைத்த ஆப்புகள் செய்தார். அட்டையைக் கழற்றினால், கதவின் அடியில் வரிசையாக ஓட்டைகள்.

“ஏளா பிளாரன்ஸ், இங்கன வந்து பாரு! அடியில ஓட்டையோடல்லா இம்புட்டு நாளும் ஓடியிருக்கு.”

“செஞ்சவன் தெரியாமலா விட்டிருப்பான்?” என்றாள் அவர் மனைவி.

“அவன் தோணியக் கண்டானா, கடலக் கண்டானா?”

தோணிப் பலகை இடுக்கை அடைக்கிற மாதிரியே பஞ்சைத் திணித்து, தார் மாதிரிக் கறுத்த கீலைக் காய்ச்சி ஊற்றி, அத்தனை ஓட்டைக்கும் கலப்பத்து அடித்தார். பிறகு அட்டையை வைத்து ஆப்புகளை இறக்கினார். அப்பா இருந்திருந்தால் முதுகில் தட்டியிருப்பார் என்று தோன்றியது.

சனிக்கிழமை ராத்திரி ஐப்பசி மழை விடாமல் கொட்டியது.

மறுநாள் காலை தண்டல் வெள்ளை வேட்டியோடு இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். எத்தனை பள்ளம் வந்தும் அட்டை மூச்சு விடவில்லை. ரோச்சுக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் வளைவில் கதவுக்குள் ‘களக்’ என்றது. தண்டல் காதைச் சாய்த்தார்.

“ரோச்சு, அடியில தண்ணி நிக்கி.”

“காருல எங்கன அண்ணாச்சி தண்ணி?” என்று ரோச் சிரித்தார்.

ரயில்வே கேட் பக்கம் ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தார். ஊறிக் கிடந்த அட்டை பிய்ந்து தண்டலின் மடியில் விழுந்தது. பின்னாலேயே குடம் குடமாகத் தண்ணீர். ஆப்புகள் மட்டும் நனைந்து பருத்து, கதவில் இம்மியும் அசையாமல் நின்றன.

ரோச்சுக்கு உயிரே போய்விட்டது. மகள் முகம் கண்ணுக்குள் வந்தது. பெரிய மனுஷனாம், காராம்! ஒரு குதிரை வண்டியில் கூட்டி வந்திருந்தால் இந்நேரம் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

தண்டல் குனிந்து கதவின் அடியைத் தடவினார். விரலில் கீல் வாசம்.

“யாருவே கலப்பத்து அடிச்சது?”

“நாந்தான் அண்ணாச்சி.” பொய் சொல்லக்கூட நாக்கு எழவில்லை.

“கண்ணாடி வழியா எறங்குத மழைத்தண்ணி வடியதுக்குல்லா அந்த ஓட்டைய வச்சிருக்கான்! அதப் போயி அடைச்சிருக்கீரே.” மறுபடி தடவினார். “ஆனா ஒரு சொட்டு கசியல.”

இறங்கி நின்று வேட்டியைப் பிழிந்தார்.

“காரு வச்சிருக்க வீடு. தோணிக்காரன மதிப்பாகளான்னு எனக்குப் பயம். அதான் வாயத் தெறக்கல. நீரு நம்ம ஆளுதான்வே.”

ரோச் அவசரமாக இறங்கிச் சுற்றி வந்தார். “அப்ப… சம்மதமா அண்ணாச்சி?”

“சம்மதந்தான். ஆனா கல்யாணத்தன்னைக்கு எம்மவன் கோயிலுக்கு நடந்துதான் வருவான்.”