ஜெப நிமிடங்கள்

எங்கள் திருச்சபையில் ஒவ்வொரு போதகரும் மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். சந்தித்த வீடுகள், ஜெபித்த நோயாளிகள், ஜெபத்தில் செலவிட்ட நிமிடங்கள் என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஆறு வருடமாக அதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. என் பெருமையைக் கேட்கவா வேண்டும்!

மனைவி படுக்கையில் விழுந்த பிறகு தினமும் அவள் தலைமாட்டில் ஜெபித்தேன். ஆமென் சொன்ன கையோடு மணி பார்த்துக் குறித்துக்கொள்வேன். ஒருநாள் அவள் சொன்னாள்: "ஒரே ஒரு தடவை அந்த வாட்ச்சைக் கழட்டி வெச்சுட்டு ஜெபம் பண்ணுங்களேன்."

"அப்புறம் அறிக்கைக்கு என்ன பண்றது?" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவள் சிரிக்கவில்லை.

அவளை அடக்கம் செய்த மறுநாள்தான் கடைசித் தேதி. அறிக்கை எழுத உட்கார்ந்தேன். நோயாளிகள் கட்டத்தில் முப்பத்தொன்று என்று எழுதினேன். ஒருவர் விடுபட்டது நினைவுக்கு வர, அதை அடித்துவிட்டு முப்பத்திரண்டு என்று திருத்தினேன்.

பின்னால் நின்ற மகள் கேட்டாள்: "அந்த ஒண்ணு அம்மாவாப்பா?"

பேனாவை மூடினேன். வாட்ச்சைக் கழற்றி மேசையில் வைத்தேன். மனைவியின் காலிக் கட்டிலருகே முழங்காலிட்டு, எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு ஆண்டவரிடம் வாய்விட்டு அழுதேன்.

ஆமென் சொல்லி முடித்ததும், இந்தப் பாழாய்ப்போன கண் நேராக என் வெறும் மணிக்கட்டுக்குத்தான் போனது.