ரோமெக் காட்டாத இடம்

ரோமெக்கின் மூளை முந்தாநாளே இறந்துவிட்டது. இயந்திரம் மூச்சு ஊதிக்கொண்டிருக்க, இதயம் மட்டும் சேதி எட்டாததுபோல அடித்துக்கொண்டிருந்தது. அந்த அடிப்பின்மேல் கை வைத்தபடி அவன் மனைவி ஸபீனா இரண்டு நாளாக உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே அக்டோபர் மூடுபனி ஊரையே விழுங்கியிருந்தது.

காலையில் டாக்டர் மால்வினா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நம்ம சட்டத்துல, வேண்டாம்னு சொல்லாதவங்க எல்லாருமே உறுப்பு குடுக்கச் சம்மதிச்சவங்கதாம்மா. வேண்டாம்னவங்க பதிவேட்டுல அவர் பேரு இல்ல. வாயால எப்பவாவது மறுத்திருந்தா, அதைக் கேட்டவங்க ரெண்டு பேர் எழுதிக் கையெழுத்துப் போடணும். அப்படி ஏதாவது உண்டா? அவர் இதயம் நல்லா இருக்கு. காத்துக்கிட்டு இருக்கிறவங்களும் இருக்காங்க."

பேசாதவனெல்லாம் சம்மதித்தவன். இந்தச் சட்டத்தை எழுதிய புண்ணியவான் ரோமெக்கோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்தியிருந்தால் பேனாவைத் தூர எறிந்திருப்பான். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல வாழ்ந்த மனிதன் அவன்.

ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவன் வாய் திறந்திருந்தான். இரண்டு வருடத்துக்கு முன், அவன் பெயர்கொண்ட புனிதரின் திருநாளில், வீட்டில் நடந்த பெயர் நாள் விருந்தில். தொலைக்காட்சியில் ஏதோ செய்தி ஓடியது. மீன் துண்டைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னான்: "செத்தாலும் என்மேல யாரும் கை வைக்கக் கூடாது. நீங்க ரெண்டு பேரும் சாட்சி." கேட்டவர்கள் ஸபீனாவும் அவன் தம்பி எட்முண்டும்.

டாக்டர் போனதும், கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்த எட்முண்ட் குரலைத் தாழ்த்தினான். "குடிச்சிட்டு உளறினது, அண்ணி. எனக்கு ஞாபகமே இல்ல."

"ஞாபகம் இல்லாதவனுக்கு, குடிச்சிருந்தது மட்டும் எப்படித் தெரியும்?"

"சரி, ஞாபகம் இருக்கு. இருந்தா என்ன? யாரு உடம்புலயாவது அடிச்சுக்கிட்டு இருக்கட்டுமே. உனக்கு அந்த ஆசை இல்லையா?"

இல்லாமல் என்ன. இரண்டு நாளாக அவளுக்கு அந்த ஒரே ஆசைதான். என்றைக்காவது ஏதோ ஓர் ஊரில், யாரோ முன்பின் தெரியாதவரின் மார்பில் காது வைத்து அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட வேண்டும். வாயை மூடிக்கொண்டால் போதும், கிடைத்துவிடும்.

கண் அசந்தாள். கருவியின் கீச்சொலி மரங்கொத்தியாக மாறியது. தரையில் பாசி படர்ந்தது. கட்டிலிலிருந்து இறங்கிய ரோமெக் பிரம்புக் கூடையும் மடக்குக் கத்தியுமாக முன்னால் நடந்தான். இலையுதிர் காலம் வந்தால் விடிவதற்கு முன்பே கிளம்பிப்போய்க் கூடை நிறையக் காளானோடு திரும்புவான். எங்கே பறித்தான் என்று முப்பத்தொரு வருடமாக மூச்சு விட்டதில்லை. அவளும் பின்னால் போய்ப் பார்த்ததில்லை.

கனவில் போனாள். வெள்ளைப் பட்டை பிர்ச் மரங்கள் தொடங்கும் இடத்தில் அவன் நின்று திரும்பினான்.

"குடுத்துடட்டுமா, ரோமெக்?"

அவளுடைய கனவுதான். அவள் நினைத்தால் அவனைத் தலையாட்ட வைத்திருக்கலாம். அவனோ தொப்பியைக் கழற்றிக் கூடையை மூடிவிட்டு, அவள் திரும்பிப் போவதற்காகக் காத்து நின்றான். அவன் முகத்தில் கோபம் இல்லை.

விழித்ததும் கொழுந்தனைப் பார்த்துக் கேட்டாள். "எங்க கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் அவர் பின்னாலயே போயி அந்தக் காளான் இடத்தைக் கண்டுபிடிச்சியே. அப்புறம் என்ன ஆச்சு?"

எட்முண்ட் தன் பூட்ஸைப் பார்த்தான். "ரெண்டு வருஷம் காளானே பறிக்கல அவன். என்னை ஒரு வார்த்தை கேக்கவும் இல்ல. நாலு அறை விட்டிருந்தாக்கூடத் தேவலை."

"ஏன்னு சொன்னாரா?"

"இல்ல."

"இதுக்கும் ஏன்னு சொல்லல. வேணாம்னுதான் சொன்னாரு."

"அங்க ஒரு உசுரு போகும், அண்ணி."

"தெரியும். சாகிற வரைக்கும் அது என்னை அறுக்கும். ஆனா, அவர் வேணாம்னு சொன்னதைக் காதால கேட்டுட்டும் எடுத்துக் குடுத்துட்டு, நாளைக்கு அவர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

எட்முண்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பிறகு பேனா கேட்டான். ரோமெக் சொன்னதை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்; எட்முண்டின் கையெழுத்து கோணிப்போனது.

டாக்டர் படித்தார். இரண்டு வார்த்தை திட்டினால் நன்றாக இருக்கும் என்று ஸபீனாவுக்குத் தோன்றியது. "சொன்னதுக்கு நன்றிம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாளை மடித்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. யார் என்றே தெரியாத அந்த ஒருவரிடம் ஸபீனா மனதுக்குள் மன்னிப்புக் கேட்டாள். கிடைக்கும் என்று நம்பிக் கேட்கவில்லை.

மதியம் இயந்திரத்தை நிறுத்தினார்கள். அவள் குனிந்து ரோமெக்கின் மார்பில் காது வைத்தாள். சத்தம் இருந்தது. பிறகு விட்டுவிட்டு வந்தது, காட்டுக்குள் யாரோ நடந்து தள்ளிப்போவதுபோல. அவள் பின்னால் போகவில்லை.