முட்டுக் கொடுத்த கட்டடம்

பச்சை வலை உள்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது, பிறகு மெல்லப் புடைத்து வெளியே வருகிறது, தென்காசிப் பெரிய கடைத்தெருவில் ஆடிச் சாரல் காற்றுக்கு எதை ஆட்டினாலும் ஒன்றுதான், ஆனால் எனக்குக் கட்டடம் மூச்சு வாங்குவது போலிருக்கிறது, நான் வலைக்கு இந்தப் பக்கம் நனைந்துகொண்டு நிற்கிறேன், அந்தப் பக்கம், பாதி இடித்துப் போட்ட கீழ்த்தளத்துக்குள், என் வீட்டுக்காரர் யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறார். உள்ள வேற ஆளே இல்ல ஆச்சி, எல்லாரையும் வெளிய எடுத்துட்டேன் என்கிறார் மேஸ்திரி, நடுத்தூண வெட்டிட்டு இரும்பு முட்டு குடுத்திருக்கோம், மத்தியானத்துலேர்ந்து முட்டு முனங்குது, இன்ஜினியருக்குப் போன் போட்டிருக்கேன், இந்த நேரம் பாத்து இவுக எப்படி உள்ள போனாவ. எப்படிப் போனார் என்று எனக்குத் தெரியும், பின்சந்து வழியாகத்தான், வேலைக்கு வந்த நாள் முதல் அவருக்கு அதுதான் வாசல், மற்றதெல்லாம் மறந்துபோன இந்த வயதிலும் கால்கள் மறக்கவில்லை, இந்த மாடியைக் காலி செய்யவைத்து ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் எங்களைக் குடிவைத்த புதுவீட்டிலிருந்து நான் சோறு வடிக்கிற நேரம் நழுவி இங்கே வந்து நிற்பார், ஏட்டி, கடை தொறந்தாச்சான்னு பாத்துட்டு வாரேன் என்பார், எந்தக் கடை என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

காப்பிக்கடையாக இருக்கும், நான் கல்யாணமாகி இந்த மாடிக்கு வந்தபோது கீழே காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துக்கொண்டிருந்தார்கள், அவர் அரைவை மெஷினில் நிற்பார், வாசம் மரப்படியில் ஏறி வந்து என் சேலையில், தலையணையில், வடித்த சோற்றில்கூட உட்காரும், ஆவுடையப்பா, நீ இருக்குற வரைக்கும் மாடி ஒனக்குத்தான் என்று முதலாளி சொல்லியிருந்தார், முதலாளி போய்ச் சேர்ந்ததும் மகன்கள் மெஷினை விற்றார்கள், கீழே தங்கபுஷ்பம் டாக்டரம்மா பிரசவ ஆஸ்பத்திரி வைத்தார், கட்டடத்தோடு சேர்த்து என் வீட்டுக்காரரையும் வாடகைக்கு எடுத்ததுபோல இவர் அங்கேயே வேலைக்கு நின்றார், வறுத்த காப்பி ஊறிய சுவரில் பினாயில் வாசம் ஏறியது, சுவருக்கு எது பிடிக்கும் எது பிடிக்காது என்று யார் கேட்டார்கள். நானும் அந்த மரப்படியில் வலியோடு இறங்கினேன், விடியும்போது பெண் பிறந்தது, அழவில்லை, டாக்டரம்மா என்னென்னவோ செய்து பார்த்தார், பிறகு துவர்த்துத் துண்டில் சுற்றி இவர் கையில் கொடுத்து, மூச்சு இருக்குற வரைக்கும் ஒங்க கையிலயே இருக்கட்டும் ஆவுடையப்பன் என்றார், அவர் நடுத்தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார், கட்டிலில் கிடந்தபடி நான் அவர் முழங்கையை மட்டும் பார்த்தேன், அது அசையவே இல்லை, வெயில் தெருவுக்கு வந்தபிறகு டாக்டரம்மா குனிந்து கையை நீட்டினார், பிள்ள ஒறங்குது டாக்டரம்மா, கொஞ்சம் பொறுங்க என்றார் இவர். அதற்குப் பிறகு எனக்குப் பிள்ளை தங்கவில்லை, அந்தப் பிள்ளையைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

டாக்டரம்மா மதுரைக்குப் போனார், ஜவுளிக்கடை வந்தது, தூணைச் சுற்றிக் கண்ணாடி பதித்தார்கள், கல்யாணப் பெண்கள் பட்டைத் தோளில் போட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், அவர் அதே இடத்தில் உட்கார்ந்து சேலை மடித்தார். தூணு எடஞ்சலால்லா இருக்கு என்றார் ஜவுளிக்கடைக்காரர், அதற்குப்பின் வந்த செல்போன் கடைக்காரரும் அதையே சொல்லிப் பலகை அடித்து மறைத்தார், ஒவ்வொருவரிடமும் இவர் கையெடுத்துக் கும்பிட்டு, மாடி முழுக்க அது தலையிலதான் நிக்கி அண்ணாச்சி, தொடாதிய என்று சொல்லித் தடுத்தார், செல்வின் என்பவர் மொத்தமாக வாங்கிப் பெரிய ஷோரூம் கட்ட வந்தபோது சொல்வதற்கு இவரிடம் சொல் மிச்சமில்லை, என் முகமே சில காலையில் அவருக்குப் புதிதாக இருந்தது.

உள்ளிருந்து ஒரு முனகல், மனிதக் குரல் இல்லை, இரும்பு. நான் வலையைத் தூக்குகிறேன், ஆச்சி, வேண்டாம், நான் சொல்லுததக் கேளுங்க என்று மேஸ்திரி கையைப் பிடிக்கிறார், உதறிவிட்டு நுழைகிறேன், ஈரச் சிமெண்டு வாசத்துக்கு அடியில் காப்பி வாசம் வருகிறது, வரக்கூடாது, ஆனாலும் வருகிறது, உத்தரத்திலிருந்து மாவு சலிப்பதுபோலத் தூசி இறங்குகிறது, வெட்டிய தூணின் அடிக்கட்டையில் முதுகைச் சாய்த்து அவர் உட்கார்ந்திருக்கிறார், முழங்கை மடங்கியிருக்கிறது, அசையவில்லை. சத்தங் காட்டாத, பிள்ள ஒறங்குது என்கிறார். எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம் என்று தோளைப் பிடித்து இழுக்கிறேன், மெஷின் சுற்றிய உடம்பு, இப்போதும் என்னால் அசைக்க முடியவில்லை, பிள்ளைய விட்டுட்டு எங்க வரச் சொல்லுத என்று என்னைப் பார்த்த பார்வையில், இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, கோபம் இருக்கிறது. தலைக்கு மேலே எங்கள் மாடியின் தரை, நான் கோலம் போட்ட தரை, படீரென்று ஒரு கோடாகப் பிளக்கிறது. அப்போதுதான் என் வாய் அதைச் சொல்கிறது, ஏங்க, பிள்ள இங்க இல்ல, டாக்டரம்மா வெளிய தூக்கிட்டுப் போயிருக்காவ, வெளிச்சத்துல பாக்கணுமாம், அப்பா எங்கன்னு ஒங்களத் தேடுதாவ. அவர் தன் மடியைப் பார்க்கிறார், பிறகு என்னை, அழுதுதா என்று கேட்கிறார். அழுதுது, நல்லா வாய்விட்டு அழுதுது. அவர் எழுந்துவிட்டார், வயதை மறந்து எழுந்தார், எனக்கு முன்னால் வேகவேகமாகப் போனார், கல்லும் கம்பியும் கிடந்த இடமெல்லாம் தெரிந்ததுபோல மிதித்து, வலையைத் தானே விலக்கி, சாரலுக்குள் இறங்கினார்.

நாங்கள் எதிர்ச்சாரிப் பாத்திரக்கடைப் படியை அடைவதற்குள் பின்னால் தெரு அதிர்ந்தது, பெரிய சத்தம் என்றுகூடச் சொல்லமுடியாது, கனமான எதுவோ களைத்துப்போய் உட்கார்ந்ததுபோல, பிறகு தூசி, தூசிக்குள் ஆட்களின் ஓட்டம், மேஸ்திரி நடுத்தெருவில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார், யாரோ என் பெயரைச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள், தெருவில் இருந்த அத்தனை பேரும் கட்டடம் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தூசி படிந்த இரண்டு கைகளையும் எனக்கு முன்னால் ஏந்தி நின்றார், எங்கட்டி, குடு, நான் வச்சுக்கிடுதேன் என்றார். என்னிடம் இருந்ததைத்தான் கொடுக்கமுடியும், என் கைகள் இரண்டையும் அவர் கைகளுக்குள் வைத்தேன், அவர் அவற்றைப் புரட்டிப் பார்த்தார், சாரலில் தூசி கரைந்து விரலிடுக்கில் வழிந்தது, இது இல்ல என்றார்.