அந்தோனியார் எண்ணெய் பட்ட கண்ணாடி

இலங்கையில் ஹட்டனுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், 1952 ஆனி மாதம் தோட்டத்துத் துரையின் பழைய ஒஸ்டின் காருக்குள் ஏறிய லியனார்ட் பதின்மூன்று வருடமாக இறங்கவில்லை. முன்கண்ணாடி ஆட்டம் கண்டு, மழைத்தண்ணீர் துரையின் மடியில் ஒழுகியதால் புது ரப்பர் போட ஏறியவன் அவன். ரப்பரின் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி, உள்ளிருந்து ஒருவர் இழுக்க, வெளியிலிருந்து ஒருவர் அமுக்க வேண்டும். லியனார்ட் இழுத்தான், நிறைமாதமாக இருந்த மனைவி தெரேசா அமுக்கினாள். சோப்புத் தண்ணீர் தீர்ந்துபோகவே, கோயில் விளக்கிலிருந்து கொண்டுவந்து வீட்டில் வைத்திருந்த அந்தோனியார் எண்ணெயை ரப்பரிலும் கண்ணாடி விளிம்பிலும் தடவினார்கள். தொலைந்ததைத் தேடிக் கொடுப்பவர் அந்தோனியார். அவர் எண்ணெய் பட்டது தொலையாது என்பார்கள். அப்படியே ஆயிற்று. கார் கதவு வெளியிலிருந்து திறந்தது, ஆனால் உள்ளே போனது எதையும் இறங்க விடவில்லை.

துரைக்குக் கண்ணாடிதான் கவலை. அதில் கீறல் விழுந்தால் குடியிருக்கும் லயக்காம்பிராவைக் காலி பண்ண வேண்டும் என்று சொல்லியனுப்பிவிட்டு வேறு கார் வாங்கிக்கொண்டார். கண்ணாடியை உடைத்தால் வீடு போகும், உடைக்காவிட்டால் புருசன் உள்ளேதான்; தெரேசாவுக்கு மத்தளம் போல இரண்டு பக்கமும் இடி. பக்கக் கண்ணாடியின் நாலு விரல் சந்தில் ரொட்டியும் சம்பலும் போட்டாள். கதவு திறந்த நேரம் புகுந்த கோழியொன்று பின்சீட்டில் முட்டையிட்டு அங்கேயே கிழடாயிற்று. ஆடியில் பிறந்த மகள் பிலோமினா நடக்கப் பழகியதும் கார்க் கதவைத்தான் பிடித்தாள்.

"கைய எடும்மா! உள்ள வந்தா அவ்வளவுதான்!" என்று லியனார்ட் கத்துவான். மகளைத் தூக்க ஏங்கித் தவித்த மனுசன், அவளைத் துரத்தியே காலம் தள்ளினான்.

1965இல், இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்கு அனுப்புவதற்குப் பெயரெழுத ஓர் உத்தியோகத்தர் வந்தார். லயத்தில் இருந்த தாயையும் மகளையும் எழுதினார். காரில் இருப்பவனுக்கு அவர் தாளில் இடமில்லை. காம்பிராவே போகப் போகிறது, இனி என்ன பயம் என்று தெரேசா சுத்தியலால் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். எண்ணெய் பட்டது அல்லவா, கீறல்கூட விழவில்லை. பதின்மூன்று வருடம் பயந்தது இதற்குத்தான். அவள் உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"நாங்க மட்டும் கப்பலேறவா? தள்ளிக் குந்துங்க."

லியனார்ட் இந்த முறை கத்தவில்லை. கோழியும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. உத்தியோகத்தர் இரண்டு பெயரையும் வெட்டிவிட்டு அடுத்த லயத்துக்குப் போனார். வெளியே அடைமழை, உள்ளே ஒரு சொட்டு ஒழுகவில்லை. லியனார்ட் மகளை மடியில் இருத்திக்கொண்டான். பதின்மூன்று வயதுப் பிள்ளை, நல்ல கனம்.