ஆசீர்வாதம் மாஸ்டர் நினைவு பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. எங்கள் திருச்சபை மாத இதழின் ஆசிரியர், கம்ப்யூட்டர்களுக்கு வைத்திருக்கும் யு.பி.எஸ். பேட்டரியைப் பராமரிப்பது பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார். நான் ரேணிகுண்டாவில் ரயில்வே சிக்னல் பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கரெண்ட் போனாலும் சிக்னல் விளக்கு அணையக் கூடாது என்பதற்காக வைத்திருக்கும் பேட்டரி அறைகளில்தான் என் உத்தியோகம் கழிந்தது. ஆசிரியர் சரியான ஆளைத்தான் கேட்டார். எழுத உட்கார்ந்தேன். நான்காவது வாக்கியத்தில் என் தம்பி டைட்டஸ் வந்துவிட்டான்.

வந்தான் என்றால் வீட்டுக்கு அல்ல. அவன் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை.

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"பேட்டரியின் மூடி ஒவ்வொன்றிலும் ஒரு மிதவை உண்டு. மிதவை சிவப்புக் கோட்டுக்கு இறங்கினால் தண்ணீர் ஊற்ற வேண்டும். பச்சைக் கோட்டுக்கு ஏறிவிட்டால் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. இது தெரிந்தும் ஊற்றுகிறவன்"

அங்கே நிறுத்திவிட்டேன். ஊற்றுகிறவன் யார் என்று வாசகர் கேட்பார்.

2

ஆகவே வேறொருவரை ஊற்ற வைத்தேன். இரண்டாம் படியில் அவர் பெயர் எத்திராஜ், ஊர் குடிபாலா, ஓய்வு பெற்ற தாசில்தார். கோயிலுக்குப் பேட்டரி கொடுத்தவர். தம்பியோடு பேச்சு இல்லாதவர். குடும்பத்தின் பெயர் காப்பாற்றப்பட்டது என்ற நிம்மதியில் மூன்று பக்கம் எழுதினேன். என் மனைவி கிருபாவதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

"எந்த எத்திராஜ் இவுரு?"

"கற்பனை."

"கற்பன ஆளுக்கு எதுக்கு உங்க முழங்கால் வலி? படி ஏறும்போது செவுத்த புடிச்சிகினு நிக்கிறாராமே."

"வயதானவர் யாரும் நிற்பார்கள்."

"நிப்பாங்க. ஆனா யாரும் பாக்கறாங்களான்னு திரும்பிப் பாத்துட்டு நிக்கிறது நீங்க ஒருத்தருதான்."

எத்திராஜைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அவர் கதையில் நிலைக்காமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தாசில்தாராக இருந்தவர் மிதவையைப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றினால் அறியாமை என்று வாசகர் மன்னித்துவிடுவார். அந்த மன்னிப்பு இந்தக் கதைக்கு ஆகாது.

3

இனி நடந்ததை எழுதுகிறேன்.

சித்தூரில் எங்கள் கோயிலுக்குப் பின்புறம், மாடியில், கணினி மையம் ஒன்று இருக்கிறது. சபைப் பெண்களும் வெளியாரும் அங்கே கணக்கு மென்பொருள் கற்கிறார்கள். அந்த அறையில்தான் எங்கள் தகப்பனார், நைனா என்று நாங்கள் கூப்பிட்ட ஆசீர்வாதம் மாஸ்டர், டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தார். அவர் இறந்த பிறகு நானும் டைட்டஸும் சேர்ந்து அந்த மையத்துக்கு யு.பி.எஸ்.ஸும் நான்கு பெரிய பேட்டரிகளும் வாங்கிக் கொடுத்தோம். பேட்டரி நிற்கும் மரத்தட்டில் பித்தளைப் பலகை: "ஆசீர்வாதம் மாஸ்டர் நினைவாகக் குடும்பத்தார் படைத்தது."

பிரதிஷ்டை ஜெபம் முடிந்து, அன்று மதியம் சாப்பாட்டுப் பந்தியில் டைட்டஸ் என்னைப் பார்த்து

[இந்த வாக்கியம் வேண்டாம். அவன் சொன்னதையும் நான் திருப்பிச் சொன்னதையும் அச்சில் ஏற்ற மாட்டேன். அன்றிலிருந்து பேச்சு இல்லை என்பது போதும்.]

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. நினைவாகக் கொடுத்த பொருளைக் கொடுத்த குடும்பம்தான் பராமரிக்கும். மணியைக் கொடுத்த வீட்டார் மணிக்கயிறு மாற்றுவார்கள். பிரசங்கபீடத்துத் துணியைக் கொடுத்த வீட்டார் அதை எடுத்துப்போய்த் துவைத்துக் கொண்டுவருவார்கள். வேறு யாரும் கை வைப்பது மரியாதை இல்லை. அதன்படி எங்கள் பேட்டரிக்குத் தண்ணீர்* ஊற்றுவது எங்கள் குடும்பம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை நான் கேனைத் தூக்கிக்கொண்டு படியேறுவேன். மூடிகளைத் திறந்து, நைனாவை நினைத்து ஒரு சிறு ஜெபம் செய்து, ஊற்றிவிட்டு இறங்குவேன்.

(* கடையில் கேனில் விற்கும் பேட்டரி தண்ணீர். குழாய்த் தண்ணீரோ போர்வெல் தண்ணீரோ கூடாது. அதிலுள்ள உப்பு பேட்டரியைக் கெடுத்துவிடும். ஆசிரியர் கேட்ட கட்டுரைக்கு இந்த வரியாவது உதவட்டும்.)

டைட்டஸ் திருப்பதியில் இருக்கிறான். முதல் ஞாயிறு திருவிருந்து ஆராதனைக்கு மட்டும் சித்தூருக்கு வருவான். கோயிலில் வலப்பக்கம் உட்காருவான், நான் இடப்பக்கம். ஆராதனை முடிந்ததும் அவன் மாடிப்படி பக்கம் போவதை நான் பார்த்ததில்லை.

[பார்த்ததில்லை என்பது உண்மை. அந்த நேரத்தில் நான் செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன். அவன் போவது தெரியாது என்று எழுதிப் பார்த்தேன். பேனா ஓடவில்லை.]

4

அந்தச் சனிக்கிழமை மையத்தில் தேர்வு. பெண்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் முன் குனிந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கேனோடு வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். கரெண்ட் போயிற்று. நல்ல பேட்டரியாக இருந்தால் அவர்களுக்கு அது தெரிந்துகூட இருக்காது. மின்விசிறி மட்டும் நின்றிருக்கும். யு.பி.எஸ். ஒரு தடவை கத்தியது, விட்டுவிட்டுக் கத்தியது, பிறகு இழுத்துக் கத்தி அடங்கியது. எல்லாத் திரைகளும் கறுத்தன. அவர்கள் அதுவரை தட்டியது போயிற்று.

ஒரு பெண் அழுதாள். மற்றவர்கள் வாசல் பக்கம் திரும்பினார்கள். என்னைப் பார்த்ததாக நான் நினைத்தேன். கேனைத்தான் பார்த்தார்கள்.

5

அன்று மாலை என் பழைய ஹைட்ரோமீட்டரோடு திரும்பப் போனேன். பேட்டரியின் அமிலத்தை உறிஞ்சி அதன் வலுவைப் பார்க்கும் கண்ணாடிக் குழாய் அது. ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தேன். அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய வெறும் தண்ணீர். மிதவைகள் பச்சைக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றன. மரத்தட்டு ஊறிக் கறுத்திருந்தது. ஒயர் மாட்டும் முனைகளில் பச்சை பூத்திருந்தது. பித்தளைப் பலகையின் கீழ் ஓரத்தை அமிலம் தின்றிருந்தது. "படைத்தது" என்ற சொல் பாதிதான் தெரிந்தது.

அளவுக்கு மேல் ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது பேட்டரி பொங்கும். பொங்கும்போது அமிலமும் சேர்ந்து வழியும். வழிந்த இடத்தை அடுத்த மாதம் மறுபடி தண்ணீரால் நிரப்பினால், இருக்கிற அமிலம் இன்னும் நீர்த்துப்போகும். ரேணிகுண்டாவில் இதைச் செய்த ஆளுக்கு நான் மெமோ கொடுத்திருக்கிறேன்.

மையத்தில் பாடம் நடத்தும் எப்சிபா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"நீ சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றேன்.

"இன்னான்னு சொல்றது ஐயா? சனிக்கெழம நீங்க ஊத்திட்டு போறீங்க. மறுநாளு சின்னவரு வந்து ஊத்தறாரு. ரெண்டு பேரும் கண்ண மூடி ஜெபம் வேற பண்றீங்க. ஜெபத்துக்கு நடுவுல பூந்து போதும்னு சொல்றதா?"

"அவனிடமாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னா? அண்ணன் எவ்ளோ ஊத்தினாருன்னு கேப்பாரு. அடுத்த மாசம் ரெண்டு கேனு வாங்கினு வருவாரு."

அவள் சிரிக்காமல் சொன்னாள். நான் மூடிகளை மூடினேன்.

இந்த இடத்தில் வாசகர் கேட்பது எனக்குக் கேட்கிறது. சிக்னல் இன்ஸ்பெக்டர் மிதவையைப் பார்க்கவில்லையா? பார்க்கவில்லை. பார்த்தால், தம்பி வந்து ஊற்றினானா என்று பார்த்தது ஆகிவிடும். அவன் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு ஒன்றுதான் என்று இருந்தேன். ஆகவே ஒவ்வொரு மாதமும் ஒரே அளவு ஊற்றினேன். அவனும் அப்படித்தான் செய்திருப்பான். ஒரே தகப்பனின் பிள்ளைகள்.

6

ஜெபகுமார் எங்கள் சபைக் கமிட்டிச் செயலாளர். மறுவாரம் வீட்டுக்கு வந்தார். கிருபாவதி காப்பி கொடுத்தாள். அவர் அதை ஆற்றிக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"அண்ணே, நேராவே சொல்றேன், கோச்சிக்காதீங்க. கமிட்டில சிரிச்சிகினு கெடக்கறாங்க. நோவா காலத்து வெள்ளம் மறுபடி வந்துச்சி, அது நம்ம பேட்டரி ரூமுக்கு மட்டும் வந்துச்சின்னு."

"யார் சொன்னது?"

"யாரு சொன்னா இன்னாண்ணே. எல்லாரும்தான் சிரிச்சோம்."

அவர் காப்பியைக் குடித்து முடித்தார்.

"புது பேட்டரி கமிட்டி வாங்குது. மாஸ்டர் போர்ட அதே எடத்துல மாட்டிடலாம். ஆனா தண்ணி ஊத்தறது எப்டின்னு ரெண்டு பேரும் பேசி ஒரே பேச்சா சொல்லணும். அடுத்த கமிட்டிக்குள்ள."

"இல்லாவிட்டால்?"

"தண்ணியே ஊத்த வேணாம்னு மூடி சீல் போட்டே வருது பாருங்க, அத வாங்கிடுவோம். அது யு.பி.எஸ். பொட்டிக்கு உள்ளயே போய்டும். தட்டு வேணாம், போர்டு மாட்ட எடம் இருக்காது. போர்ட ஆபீஸ் பீரோல பத்திரமா வெச்சிடலாம்."

அந்த பீரோவை நான் அறிவேன். கால் உடைந்த காணிக்கைத் தட்டும், ஓடாத சுவர்க்கடிகாரமும், இனி யாருமே வராத குடும்பங்களின் பெயர்ப் பலகைகளும் அங்கே பத்திரமாக இருக்கின்றன.

அவர் போனபிறகு கிருபாவதி சொன்னாள்: "போன் பண்ணி ரெண்டு வார்த்த பேசினா முடிஞ்சிது."

"அவன் சின்னவன். அவன்தான் பண்ண வேண்டும்."

"உங்க தம்பி பொஞ்சாதி அங்க இதையேதான் கேட்டுகினு இருப்பா. அவுரு இன்னா சொல்லுவாரு? 'அவுரு பெரியவரு, அவுருதான் பண்ணணும்'னு. நல்லா வளத்தாரு உங்க நைனா."

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. நானே ஊற்றுகிறேன் என்று கமிட்டிக்குச் சொல்கிறேன். மூத்தவன், உள்ளூர்க்காரன், நியாயம்தான். ஆனால் முதல் ஞாயிறு டைட்டஸ் கேனோடு வருவான். அவனை யார் தடுப்பது? எப்சிபாவா?

இரண்டாம் முடிவு. தம்பியே ஊற்றட்டும் என்கிறேன். இதை எழுதியபோது என்னைப் பற்றி எனக்கே நல்ல எண்ணம் வந்தது. ஆனால் செய்தி திருப்பதிக்குப் போகும். அண்ணன் விட்டுக்கொடுத்தான் என்று கேட்டதும் அவனும் விட்டுக்கொடுப்பான். அதில் அவன் எனக்குக் குறைந்தவன் அல்ல. நானும் ஊற்ற மாட்டேன், அவனும் ஊற்ற மாட்டான். மிதவைகள் சிவப்புக்கு இறங்கும். தகடுகள் வெளியே தெரியும். முன்பு மூழ்கிச் செத்தது, இம்முறை வறண்டு சாகும்.

மூன்றாம் முடிவு. சீல் போட்ட பேட்டரி. யாரும் யாரோடும் பேச வேண்டாம். மையத்துக்கு இதுதான் நல்லது என்று சிக்னல் இன்ஸ்பெக்டர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஆசீர்வாதம் மாஸ்டரின் மகன் அந்தத் தாளைக் கொடுக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறான்.

நான்காவது முடிவு ஒன்று உண்டு. ஒரு மாதம் அவன், ஒரு மாதம் நான். ஊற்றுமுன் இருவரும் மிதவையைப் பார்ப்பது. அதற்கு முதலில் ஒருவன் மற்றவனுக்கு போன் பண்ண வே

[கிருபாவதி நான் எழுதுவதை எட்டிப் பார்த்தாள். நிறுத்திக்கொண்டேன்.]

8

களைப்பாக இருக்கிறது. கேன் முன்னைவிடக் கனக்கிறது. படிகள் அதே படிகள்தான். சீல் போட்ட பேட்டரி வந்தால் நான் படியேற வேண்டாம் என்பதும் ஒரு சுகம்தான்.

கட்டுரை கேட்ட ஆசிரியருக்கு இதையே அனுப்புகிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் போய்விட்டது. வெட்டுவதானால் பந்தியில் நடந்ததைப் பற்றிய அந்தப் பாதி வாக்கியத்தை வெட்டட்டும். வேறு எதையும் வெட்ட வேண்டாம்.

கதைக்கு முடிவு நான் எழுதப்போவதில்லை. கமிட்டி கூடுவதற்கு முன் இதழ் வந்துவிடும். திருப்பதியிலும் இது வாசிக்கப்படுகிறது. அங்கே என் தம்பியைத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். உயரமாக இருப்பான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பான், எங்கள் நைனாவைப் போலவே. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தண்ணீர் ஊற்ற ஒற்றை மாதம் வேண்டுமா, இரட்டை மாதம் வேண்டுமா? அவன் எதைச் சொன்னாலும் மற்றது எனக்குச் சம்மதம்; ஜெபகுமாருக்குச் சொல்லிவிடலாம்.

நான் கேட்கச் சொன்னதாக மட்டும் சொல்ல வேண்டாம்.